கயிற்றறையில் ஒரு ஆள்

அண்ணை,

அந்தக் கப்பல் திரும்பவும் வருகிறது.

காலையில் பால் வாங்கத் தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போனேன். மேசையில் கிடந்த பேப்பரின் முதல் பக்கத்திலேயே படம். வெள்ளை உடம்பு, நாலு பாய்மரம், சிலி நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பல். வெள்ளிக்கிழமை எங்கள் ஆக்லாந்துத் துறைமுகத்துக்கு வருகிறதாம். சனிக்கிழமை பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாமாம். நான் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாலை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு எல்லாருக்கும் வெறும் தேத்தண்ணிதான்.

போன முறை அது வந்தபோது நீங்கள் இருந்தீர்கள். வரமாட்டேன் என்ற உங்களை இழுத்துக்கொண்டு போனவன் நான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

நேவி என்ற சொல்லைக் கேட்டாலே கரைக்கு ஓடுகிற சனம் நாங்கள். எங்கள் கடலில் அந்தச் சொல்லுக்குச் சூட்டைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் அது வேறொரு நாட்டு நேவி என்றதும் எனக்குப் பயம் விட்டுப் போய்விட்டது. நான் படிப்பிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சனிக்கிழமை கப்பல் காட்டக் கூட்டிப் போகலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். சொன்னதோடு நின்றேனா? நூலகத்தில் புத்தகம் எடுத்துவந்து படித்தேன். வாத்தி புத்தி சும்மா இருக்குமா?

மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக் குசினியில் நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பின்னறையில் நீங்கள் வாடகைக்கு வந்த நாளிலிருந்து வெங்காயம் கடையில் வாங்கியதே இல்லை. புக்கெகோஹியில் நீங்கள் வேலை செய்த வெங்காயக் கொட்டிலிலிருந்து வாரா வாரம் ஒரு சாக்கு வரும். சாக்கின் வாயைக் கப்பல்காரர் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பீர்கள். என் மனைவி அதை அவிழ்க்கத் தெரியாமல் உங்களைத்தான் கூப்பிடுவாள்.

நான் நின்றபடியே சிலி நேவியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மரக்கப்பல் ஒன்று இரும்புக் கப்பலோடு மோதித் தாழ்ந்த கதை. சரணடையாத தலைவன் கையில் வாளோடு எதிரிக் கப்பலுக்குள் குதித்துச் செத்த கதை. தென்துருவப் பனியில் அகப்பட்ட ஆங்கிலேயப் பயணிகளை அந்த நேவியின் சின்னஞ்சிறு இழுவைப் படகு போய் மீட்டு வந்த கதை. பாம்பு மாதிரி நீண்ட கரையில் அவர்கள் வெளிச்சவீடுகளைக் காப்பது, தூரத்துத் தீவுகளுக்குச் சாமான் கொண்டுபோவது எல்லாம் சொன்னேன்.

நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்.

"வெள்ளையோ? நாலு பாய்மரமோ?"

"ஓம் அண்ணை. ஏன், கண்டிருக்கிறியளோ?"

கத்தி அரை வெங்காயத்தில் நின்றது. "நான் வரேல்லை, வாத்தி. நீர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாரும்."

"என்ன கதை இது? நீங்கள் வல்வெட்டித்துறையான். உலகமெல்லாம் கப்பல் ஓடின ஆள். பிள்ளையளுக்குக் கயிறு, பாய் எல்லாம் நீங்களில்லாமல் ஆர் விளங்கப்படுத்துறது?"

மூன்று நாள் விடவில்லை நான். கடைசியில் என் மகளைத் தூது விட்டேன். அவள் உங்கள் அறைக் கதவில் விரல் மடக்கி மூன்று தட்டுத் தட்டி, "ஆள் இருக்கோ?" என்று கேட்டாள். அது நீங்கள் பழக்கிய பழக்கம்தான். கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடுமுன் களவாக ஏறினவர்கள் இருக்கிறார்களா என்று ஆளுக்கொரு பகுதியாகத் தேடுவீர்களாம். இரும்பில் மூன்று தட்டு, பிறகு இந்தக் கேள்வி. எந்த நாட்டிலும் தமிழில்தான் கேட்பீர்களாம். குளியலறைக் கதவிலும் அப்படித்தான் தட்டுவீர்கள். எதற்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் பிள்ளை, இந்த இரண்டு சொல்லை மட்டும் உங்கள் குரலிலேயே சொல்லுவாள். அவளுக்கு நீங்கள் மாட்டேன் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். உள்பொக்கெட்டில் உங்கள் பழைய கப்பல் புத்தகம், எந்தெந்தக் கப்பலில் எப்போது ஏறி இறங்கினீர்கள் என்று முத்திரை குத்தியது. கப்பல் பார்க்கப் போக இது எதற்கு என்று ரயிலில் பகிடி பண்ணினேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

துறைமுகத்துச் சிவப்பு இரும்பு வேலியோரம் ஐந்தாறு பேர் நின்றார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு படம் தொங்கியது. உள்ளே பாண்டு வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

படம் தொங்கவிட்டிருந்தவர்களில் ஒருத்தி உங்களைக் கண்டு முன்னால் வந்தாள். மார்த்தா. வெங்காயக் கொட்டிலில் இரண்டு வருடமாக உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்தவள், அவக்காடோ பூசிய பாண் துண்டில் பாதியை உங்களுக்குத் தந்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள் என்று நீங்கள் சொன்னவள். சிலியிலிருந்து அகதியாக வந்தவள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அவளுடைய நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நீங்களும் இதைப் பார்க்கவா வந்தீர்கள்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "இது என் தம்பி. எழுபத்து மூன்றில் வால்பரைசோத் துறைமுகப் பக்கம் போனவன். திரும்பவில்லை."

நீங்கள் அவள் நெஞ்சிலிருந்த படத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தீர்கள். அவள் அதே படம் அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தை உங்கள் கையில் வைத்தாள். அதையும் பார்க்காமல் நாலாக மடித்துக் கப்பல் புத்தகத்துக்குள் வைத்தீர்கள். வெட்கக்கேடு, நானும் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இருந்த கவலையெல்லாம் வரிசை நகர்கிறதே, பிள்ளைகள் தள்ளுப்படுகிறார்களே என்பதுதான்.

கப்பலில் எல்லாம் துடைத்து மினுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளை உடுப்புப் பெடியள் சிரித்து, பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுவிட்டார்கள். பாவம், அவர்கள் எழுபத்து மூன்றில் பிறந்திருக்கவே மாட்டார்கள். நீங்கள் நேரே முன்பக்கம் நடந்தீர்கள். தளத்தில் மூடிக் கிடந்த ஒரு மரக் கதவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, விரல் மடக்கி மூன்று தட்டுத் தட்டினீர்கள்.

உங்களுக்குப் பதிலாக என் மகள் கேட்டாள். "ஆள் இருக்கோ?" உடனே மற்றப் பிள்ளைகளுக்கும் விளையாட்டுப் பிடித்துவிட்டது. பதினைந்து பிள்ளைகள் அந்தத் தளம் முழுக்கக் குந்தி மரத்தில் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். பார்க்க வந்த சனமெல்லாம் சிரித்தது. உங்கள் முகத்தைப் பார்த்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே வேலியோரத்திலிருந்து மார்த்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளைத் தாய் தகப்பன்மார் கூட்டிப் போனபிறகு, என் மகளும் ஒரு சிநேகிதியின் காரில் போய்விட, நாங்கள் இருவரும் ரயிலில் திரும்பினோம்.

"நீர் வாசிச்ச புத்தகத்தில எழுபத்து மூண்டு இருக்கோ, வாத்தி?"

"ஒரு பந்தி இருக்கு அண்ணை. படையள் வந்து ஆட்சி மாறினது எண்டு."

"ஒரு பந்தியோ?" என்றீர்கள். "அண்டைக்கு நான் வால்பரைசோவில நிண்டனான். செம்பு ஏத்தக் கப்பலைக் கட்டினனாங்கள். விடியப் பாத்தால் துறைமுகம் முழுக்க நேவி. ஒருதரும் இறங்கக் கூடாதெண்டிட்டாங்கள். இந்தக் கப்பல் எங்களுக்குக் கிட்டத்தான் கிடந்தது. சனத்தை வரிசையாக் கொண்டுவந்து ஏத்தினாங்கள். பிறகு அதுக்குள்ளயிருந்து சத்தம் வந்தது. என்ன சத்தமெண்டு நாங்கள் ஆளையாள் கேக்கேல்லை."

பெட்டியில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள்.

"வெளிக்கிடுற அண்டைக்கு வழமை மாதிரித் தேடச் சொன்னாங்கள். என்ரை பங்கு அணியம், கப்பலின்ரை மூக்குப் பக்கம். அங்க கயிற்றறை இருக்கு. தட்டிக் கேட்டுப்போட்டுத் திறந்தன். கயிற்றுச் சுருளுக்கு நடுவில ஒருத்தன் குந்திக்கொண்டு இருந்தான். இருவது வயசு வராது. இடப் புருவத்தில பழைய வெட்டு, மயிர் முளையாத இடம். என்னைப் பாத்து விரலை வாயில வைச்சான்."

"பிறகு?"

"கதவைச் சாத்திப்போட்டு மேல போனன். ஆள் ஒண்டு இருக்கு எண்டு சொன்னன்."

அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை. அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். எனக்கு உங்களில் கோபம் வந்தது, அண்ணை. மறைக்க மாட்டேன்.

"ஏன் சொன்னனீங்கள்?"

"பழக்கம். பத்து வருசமாச் செய்த வேலை. ஆள் இருந்தால் சொல்ல வேணும், இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்ல வேணும். சொல்லி முடிச்சாப் பிறகுதான் யோசிச்சனான். யோசிக்கிறதுக்குள்ள ரெண்டு நேவிக்காரர் வந்து அவனை இறக்கிக்கொண்டு போட்டாங்கள். எங்கட ஆபிசர் என்ரை தோளில தட்டிக் கெட்டிக்காரன் எண்டார்."

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷன் வந்தது. நாங்கள் எழும்பவில்லை. ரயில் எங்களையும் கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போனது.

"அண்ணை, அவ தந்த கடுதாசியை விரிச்சுப் பாருங்கோ. புருவத்தைப் பாத்தால் தெரியும்தானே."

"பாத்து, அவன்தான் எண்டால் நான் எப்பிடித் திங்கக்கிழமை அவவுக்குப் பக்கத்தில நிக்கிறது?"

"அவன் இல்லையெண்டால்?"

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன்.

"அவன் இல்லையெண்டால், நான் கண்டவன் ஆரின்ரை தம்பி, வாத்தி?"

திங்கட்கிழமையே நீங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லி வேலை வரிசையின் மறுகோடிக்கு மாறிவிட்டீர்கள். முழங்கால் வலி என்று சாட்டுச் சொன்னீர்களாம். மார்த்தா உங்களைத் தேடி ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் பின்னறையில் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். "நான் என்ன பிழை செய்தேன்?" என்று அவள் வாசலில் நின்று என்னைக் கேட்டாள். ஒன்றுமில்லை, வயதுபோனால் மனிசர் இப்படித்தான் என்றேன். அவள் கொண்டுவந்த பாண் இரண்டு நாள் மேசையில் கிடந்து காய்ந்தது.

குளிர்காலத்தில் ஒருநாள் கப்பல் புத்தகத்தை என் மேசையில் வைத்தீர்கள். "இது உம்மட்டை இருக்கட்டும்." ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை காலை, வெங்காயம் வரத் தொடங்குமுன், கொட்டிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். மறுகோடியிலிருந்து ஓடிவந்து உங்கள் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தவள் மார்த்தாதான்.

செத்த வீட்டுக்கு அவள் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் நாட்டைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று. அவர் மட்டும் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. நல்ல மனிதர்" என்றாள். நான் தலையாட்டினேன். பெட்டிக்குள் நீங்கள் கண்ணை மூடிக் கிடந்தீர்கள், உங்களுக்கு அது வசதியாய்ப் போனது. அதன்பிறகு அவளை எங்கே கண்டாலும் நானும் கடலைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

புத்தகம் இப்போது என் முன்னால் இருக்கிறது. கடுதாசி அதே நாலு மடிப்பாக உள்ளே இருக்கிறது. எந்தப் புருவத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரமும் விரிக்கவில்லை.

மத்தியானம் மார்த்தா டெலிபோனில் வந்தாள். கப்பல் வருகிறது, இந்த முறை வேலியோரத்தில் எங்களோடு வந்து நிற்பீர்களா, அவர் இருந்திருந்தால் வந்திருப்பார் என்றாள். வருகிறேன் என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

சனிக்கிழமை உங்கள் மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். கடுதாசியை அவளுக்கு முன்னால்தான் விரிப்பேன். புருவத்தில் வெட்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நீங்கள் அன்றைக்கு மேலே போய்ச் சொன்னதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். கயிற்றறையில் ஒரு ஆள் இருந்தார், மார்த்தா. விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவள் உங்களைப் பற்றிக் கேட்பாள் என்று நான் பயப்படவில்லை. இத்தனை நாளும் நீ ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்பாள். காலையிலிருந்து யோசிக்கிறேன், அண்ணை. உங்களைப் போலப் பழக்கம் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.