புயலில் உலை வைத்தவன்

என் வீட்டு மகாராணிக்கு, கப்பல் சமையல்காரன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

உன் கடிதத்தில் இரண்டே வரி. "நாங்க நல்லா இருக்கோம். புயல் எங்க பொறக்குதுன்னு பாப்பா கேக்குறா."

எங்கள் அதிகாரியிடம் கேட்டேன். பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தள்ளி, வெயிலில் நன்றாகச் சூடேறிய கடலில்தான் பிறக்கிறதாம். என் சோற்றுப் பானை மாதிரி அங்கே ஆவி கிளம்பி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுற்றுவதால் அது நேராக வராமல் சுழல்கிறது. நம் பாப்பாவிடம் சொல்.

போன வாரம் அப்படி ஒன்று எங்களையும் எட்டிப் பார்த்தது. பயப்படாதே. திடீரென்று காற்று நின்று வெயிலடித்தது. புயல் போய்விட்டதென்று, கட்டிவைத்த பானையை அவிழ்த்து உலை வைத்தேன். அதிகாரி ஓடி வந்தார். "யோவ், இது புயலோட கண்ணுய்யா! இன்னும் பாதி பாக்கி இருக்கு!" அவர் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் சாய்ந்து, அரைவேக்காட்டுச் சோறு சுவரேறிவிட்டது. கையில் லேசான சூடு, அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, பழையதை அனுப்பு. பாப்பா கிறுக்கிய தாளில் சுற்றி அனுப்பு.

தபால் வாங்கப் படகு வந்துவிட்டது. ஒன்று மட்டும். முன்பென்றால் நீ இரண்டு வரியோடு நிறுத்தினால் நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது புயலின் கண் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. பாக்கிப் பாதியையும் எழுதிவிடு, தாயே. பானையைக் கட்டிவைத்துவிட்டேன்.