எண்பதாம் நம்பர் வாசல்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே கம்ப்யூட்டரைத் தவிர எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கோபம் உன் மச்சான் மேல் என்றால் அக்கா என்ன பாவம் செய்தேன்? சரி, அதை விடு.

நாற்காலி, மேசை, கூடாரம் எந்தத் தேதியில் யாருக்கு வாடகைக்குப் போகிறது என்று பார்க்க, நம் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் செய்து வைத்தாயே, அது தினமும் சமர்த்தாகத் திறந்துகொண்டிருந்தது. உன் மச்சான் பில் போடுவதற்கென்று புதிதாக ஒரு புரோகிராம் வாங்கி அதே கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிடித்தது சனியன். ஒரு நாள் உன்னுடையது திறக்கும், பில் திறக்காது. மறுநாள் பில் திறக்கும், உன்னுடையது மல்லாந்துவிடும். அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு பட்டனே தேய்ந்துபோச்சு. பெட்டி சூடாக இருக்கிறதென்று மேலே படுக்குமே நம் பூனை, அதுதான் ஒயரை இழுத்திருக்கும் என்று அதற்கும் திட்டு. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

இந்தக் கூத்தில் உன் மச்சான் ஒரே நாளில் அதே நாற்காலிகளை இரண்டு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டார். கடைசியில் எங்கள் வீட்டு நாற்காலிகளும் போய்விட்டன. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதுகு பிளக்கிறது.

பில் கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தோம். எப்போது கேட்டாலும் அணைத்துப் போடுங்கள் என்பார். உன் மச்சான் கத்திய பிறகுதான் உள்ளே பார்த்தார். கம்ப்யூட்டருக்குள் போர்ட் என்று நம்பர் போட்ட வாசல்கள் இருக்கிறதாம். உன்னுடையதும் பில்லும் எண்பதாம் நம்பர்தான் வேண்டும் என்று நிற்கிறதாம். எது முதலில் எழுந்து பிடிக்கிறதோ அதற்குத்தான் வாசல், மற்றதால் எழுந்திருக்கவே முடியாது. பழையதை எடுத்து எறிந்துவிடலாமா என்று கேட்டார்.

இந்தக் கடையில் நீ விட்டுப்போனது அது ஒன்றுதான். அதே மேசைக்கு முன்னால்தானே, நாலு பேர் பார்க்க, "என் கடை இது, நீ தள்ளி நில்லு"ன்னு உன்னைப் பார்த்துச் சொன்னார்? நீயும் பையைத் தூக்கிக்கொண்டு போனாய்.

உன் மச்சானோ, "அவன் போட்டது அங்கேயே இருக்கட்டும். நம்மளதத் தள்ளி வைங்க" என்றார்.

பில்லுக்கு வேறு நம்பர் கொடுத்தார்கள். இப்போது இரண்டும் திறக்கிறது. ஆனால் பில்லைத் திறக்கத் திரையில் அவர் அமுக்கும் சின்னப் படம் இன்னும் பழைய வாசலுக்கே போகிறது. பில் வேண்டுமென்றால் முகவரியோடு நம்பரையும் சேர்த்து அடிக்க வேண்டும். தினமும் மறந்துவிடுகிறார். உன் பக்கம் வருகிறது, திட்டுகிறார், பிறகு அதில் நீ போட்ட பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதை மாற்றுவது எப்படி என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். கம்பெனிக்காரரையே கேட்கலாமே என்றேன். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும் என்கிறார். வாய் திறந்து வேறெதுவும் அவர் சொல்ல மாட்டார். நீயும் அவரும் ஒரே அச்சு.

நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடுவேன். போனை அவர் கையில்தான் கொடுப்பேன். எடு, ராசா. எங்கிருந்தாலும் நல்லா இரு.

உன் அக்கா