வாசனை தெரியாத அடுப்படி

மார்ச் 4, செவ்வாய்

முருங்கைக்காய் சாம்பார், பீட்ரூட் பொரியல், ரசம். அனல்மின் நிலையத்துக்குப் போகிற சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் நேரத்துக்குப் போய்விட்டன. சாம்பாரில் பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை போட்டேன். டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. போன மாதம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டதிலிருந்தே இப்படித்தான். சளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சளி இவ்வளவு நாளா இருக்கும்?

மார்ச் 5

காபித்தூள். பூண்டு. டெட்டால். வீட்டுக்காரருடைய ஷூ. எதுவும் இல்லை. ஷூவுக்குள் மூக்கை விட்டும் இல்லை என்றால் இது சளி இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடலூரில் மூக்கு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூக்கின் கூரையில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய எலும்பு. வாசனை நரம்புகள் நூல் நூலாக அந்த ஓட்டை வழியாகத்தான் மூளைக்கு ஏறுகின்றன. மண்டையில் அடி விழுந்தபோது மூளை ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறது, நூல்கள் அறுந்திருக்கின்றன.

"திரும்ப வருமா மேடம்?"

"இந்த நரம்பு புதுசா முளைக்கக்கூடியதும்மா. சில பேருக்கு வருது. சில பேருக்கு வரல."

கிராம்பு, எலுமிச்சை, பன்னீர், நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையை மனசுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். மூக்குக்கு டியூஷன். பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன், நான் முதலாவது சில பேரில்தான் சேர்த்தி.

மார்ச் 13, வியாழன்

என் வீட்டுக்காரர் ராஜாங்கம் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார். "நாக்கு நல்லாத்தான இருக்குது? அப்புறம் ருசி எப்படிப் போவும்?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணை மூடச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு பலாச்சுளையைப் போட்டேன்.

"இனிப்பா இருக்குது. பேரிச்சம்பழமா?"

காடாம்புலியூரில் பலாத்தோப்புக்கு நடுவில் பிறந்த மனுஷன்! மூக்கை விட்டதும் முகம் மாறிவிட்டது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு கறிச்சாற்றில் வருகிற அந்த உள்ருசி. அவ்வளவுதான். பலாவைப் பலாவாக்குவது மூக்கு. வாயில் மெல்லும்போது வாசனை தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறுகிறதாம். எனக்கு அந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பாடு விற்கிறவளுக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? நாத்தனார் சரிதாவுக்கு மட்டும் தெரியும். காய் நறுக்க அவள்தான் வருகிறாள்.

மார்ச் 29

கிராம்பும் ஒன்றுதான், குச்சியும் ஒன்றுதான். விடமாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்றைக்கு மானம் போயிற்று.

சாம்பார் அண்டாவில் பருப்பு அடிப்பிடித்துக் கருகியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, சரி. பக்கத்திலேயே உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிய சரிதாவுக்கு மூக்கு இருக்கிறதே? நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளே படுத்திருந்த இவருக்கும் இருக்கிறதே, முகத்தில் பாதி அதுதானே? மத்தியானம் கேரியர் எல்லாம் சாம்பாரைத் தொடாமல் அப்படியே திரும்பி வந்தன.

சரிதாவைக் கேட்டேன். "கருகற வாசன வந்துச்சு அண்ணி. மைன்ஸ்ல கரி பொகையுதுன்னு நெனச்சிகினேன். காத்து இந்தப் பக்கந்தான அடிக்குது?" இவரைக் கேட்டால், "நானும் அதான் நெனச்சேன்" என்கிறார். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்தாராம்.

கோடையில் வெட்டிப் போட்ட கரி தானாகப் புகையும். வருஷா வருஷம் அதை முகர்ந்து முகர்ந்து இந்த ஊரில் யாருக்கும் கருகல் வாசனை ஒரு சேதியே இல்லை. வூடு எரிஞ்சாலும் காத்து மேலதான் பழி போடுவாங்க போல.

ஏப்ரல் 10, வியாழன்

சண்டை. சரிதா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "கொஞ்ச நாளைக்கு அடுப்ப நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க காய் நறுக்குங்க." இவரும் அவள் பக்கம். "ஒத்துக்கயேன். ரெஸ்ட்டு எடுத்த மாதிரியும் இருக்கும்."

ரெஸ்ட்டாம். இந்த அடுப்பை ஒத்தை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள் நான். என் கைக்குழம்புக்காகத்தான் தெர்மல் பவர் ஸ்டேஷன்காரர்கள் கேன்டீனை விட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள். ஒரு தடவை கரண்டியைக் கொடுத்தால் திரும்பக் கைக்கு வராது. சரிதா கெட்டவள் இல்லை. அதுதான் பயம். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

பயமா இருக்கு. எழுதிப்புட்டேன். பயமாத்தான் இருக்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

கேரியர் ஆட்டோவில் நானும் ஏறிப் போனேன். தெர்மல் கேட் எதிரே மரத்தடியில் சாப்பிடுகிறவர்களுக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். விழுந்ததில் மூக்கு போய்விட்டது, அன்றைக்குக் கருகினது என் தப்புதான், இனி வேண்டாம் என்கிறவர்கள் இப்போதே சொல்லிவிடலாம் என்று.

கன்வேயரில் வேலை பார்க்கும் குமரவேல்தான் வாயைத் திறந்தார். "அதான் ஒரு மாசமா பெருங்காயம் தூக்கலா இருந்துச்சா? நான் எங்க வூட்டுல சொல்லிகினே இருந்தேங்க, பொற்கொடியக்கா யார் மேலயோ கோவமா இருக்குதுன்னு." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் சில பேர் நின்றுவிட்டார்கள். போகட்டும்.

ஏப்ரல் 15

சரிதாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அடுப்பு என்னுடையது. மூக்கு உன்னுடையது. "எந்த வாசன வந்தாலும் வாயத் தொறந்து சொல்லு. அது எங்கேருந்து வருதுன்னு மட்டும் நீ முடிவு பண்ணாத." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டாள். இப்போது தெருவில் பீடி பிடித்தால்கூடக் கூப்பிட்டுச் சொல்கிறாள்.

மே 2, வெள்ளி

சமையலறையின் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை டியூப்லைட் போட்டாயிற்று. மூக்கு செய்த வேலையைக் கண் செய்ய வேண்டுமே. கண்ணுக்குள் நிறம் பார்க்கும் உயிரணுக்கள் தனியாக இருக்கின்றன, மங்கல் வெளிச்சத்தில் அவை சரியாக வேலை செய்யாது என்று டாக்டரம்மா போனில் சொன்னார். உண்மைதான். வெங்காயம் பொன்னிறத்திலிருந்து பழுப்புக்குப் போகிற இடம் இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்ததே இல்லை. மூக்குதான் சொல்லியிருக்கிறது. நான் கண் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பருப்பை இரண்டு சின்ன அண்டாவாகப் பிரித்துவிட்டேன். தட்டைக் கரண்டியால் அடியைத் தடவிக்கொண்டே இருக்கிறேன். பிடிக்க ஆரம்பித்தால் கைக்கு வழவழப்பு போய் நெருடல் வருகிறது.

மே 24

குழம்பு எனக்கு வெறும் புளிப்பும் உப்பும் காரமும். காரம் ருசியே இல்லையாம், எரிச்சலாம். அதற்கு வேறு நரம்பு. அந்த நரம்பாவது விசுவாசமாக இருக்கிறது. ஊறுகாயாகத் தின்று தீர்க்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி கடலூர். முன்னேற்றம் இல்லை என்றேன். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கவில்லை, அதுவே பெரிது. "விடாம செய்யுங்க. வரும்போது நேரா வராது. புது நரம்பு இடம் தெரியாம மாறிப் போய் ஒட்டும், நல்லதே கெட்ட நாத்தமாத் தெரியும். பயந்துடாதீங்க, அதுதான் ஆரம்பம்." பஸ் ஸ்டாண்டில் ஒரு மல்லிகைப்பூக் கூடைக்கு முன்னால் நின்றேன். பூக்காரம்மா எத்தனை முழம் என்று கேட்டாள். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு ரெண்டு முழம் வாங்கி வைத்துக்கொண்டேன். தலையில் இருந்தால் அடுத்தவர்களுக்காவது மணக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

நின்றுபோனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பலாக்காய்க் கூட்டு வைத்த வாரம்.

ஜூலை 22

கிராம்பு, எலுமிச்சை, பன்னீர், தைலம். இல்லை. இல்லை. இல்லை. இல்லை. நாளைக்கும் முகர்வேன். பார்க்கலாம் யார் ஜெயிப்பது என்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அவரைக்காய்ப் பொரியல், வத்தக்குழம்பு. மத்தியான வேலை எல்லாம் முடித்துப் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இவர் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, பக்கத்தில் நின்று சொம்பில் தண்ணீர் குடித்தார்.

ஏதோ ஒன்று. அழுகின வெங்காயமும் எரிந்த டயரும் சேர்ந்த மாதிரி. காய்க்கூடையைக் கிளறினேன், எதுவும் அழுகவில்லை. சொம்பை வைக்க அவர் தள்ளிப் போனார், அது போய்விட்டது. திரும்ப வந்தார், அதுவும் வந்தது.

"இன்னா அப்படிப் பாக்கற?"

"கிட்ட வாங்க."

"அட போ. ஒடம்பு பூரா வேர்வயும் கரியும். நாறுது, குளிச்சிட்டு வந்துடறேன்."

"ஆமாங்க" என்றேன். "நாறுது."

துண்டை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. குளிக்க வேண்டாம், கொஞ்ச நேரம் இங்கேயே உட்காருங்கள் என்றேன். அந்த அழுக்குச் சட்டையோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.