தகரத்துக்கடியில் வைத்த வெண்ணெய்

கீழப்பழுவூர்
சர்வசித்து வருஷம், பங்குனி மாசம்

என் மகன் அரங்கநாதனுக்கு அம்மா எழுதுறது. இங்க நாங்க சுகம், மருமக ஜெயலட்சுமியும் வயித்துப் பிள்ளையும் சுகம், நாக்பூர் வெயில்ல நீயும் நல்லபடியா இருக்கணும்னு ஆலந்துறையாரை வேண்டிக்கிட்டு எழுதறேன். உன் கடுதாசியை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். சண்டை முடிஞ்சு பட்டாளக் காம்பு கலைச்ச தகரம் அரியலூர்ல சல்லிசா கிடைக்குது, பின்கட்டு அறையில விழல் கூரையைப் பிரிச்சிட்டுத் தகரம் போட்டா பிரசவத்துக்கு வசதி, அது அந்தக் காலத்துலேயே நம்ம வூட்டுல சோதிச்சுப் பார்த்ததுதான்னு உங்கப்பா எழுதினாராமே. அன்னைக்கு யார் யார் இருந்தாங்கன்னு சொல்றேன் கேட்டுக்க. உங்க அப்பத்தா ரத்தினம்மாள். உங்க சித்தப்பா சாமிதுரை, அப்ப மீசை அரும்பின வயசு. அவருக்குப் பொண்ணு கொடுக்கத் தா.பழூர்லேர்ந்து வந்திருந்த நல்லதம்பி. நமக்கு வருஷா வருஷம் கூரை வேயற செல்லமுத்து. உங்கப்பா. அப்புறம் நான், என் இடுப்புல நீ, வயித்துல உன் தங்கச்சி.

நான் கல்யாணமாகி வந்து முதல்ல படுத்தது அந்த அறையிலதான், நீ பொறந்ததும் அதுலதான். ஒரு முழக் கனத்துக்கு மண் சுவர், மேலே மெத்தை கணக்கா விழல், அக்கினி நட்சத்திரத்துல வெளியே கோழி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், உள்ளே வந்தா உடம்பு குளுந்துடும். உன் தூளித் துணியெல்லாம் புது விழல் வாசனைதான், கண்ணை மூடினா இன்னும் எனக்கு அந்த வாசனை வருது. உங்க சித்தப்பா வைக்கோல் கொட்டகைக்குத் தகரம் போட்டுட்டு, அறைக்கும் போட்டே ஆகணும்னு நின்னார். சின்னவரே, தகரத்துக்கடியில படுத்தா உங்களைத் தோசையாட்டம் திருப்பித்தான் போடணும்னு செல்லமுத்து சொல்ல, நல்லதம்பி சிரிச்சிட்டார், சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. வாய்ச்சண்டை எதுக்கு, ரெண்டு இடத்துலயும் வெண்ணெய் உருட்டி வைங்க, எது உருகுதுன்னு பார்ப்போம்னாங்க அப்பத்தா. உச்சிப்பொழுதுக்குப் பார்த்தா அறையிலதான் கொழகொழன்னு சாஞ்சிருக்கு, கொட்டகையில வச்சபடி நிக்குது. மாப்பிள்ளை கெட்டிக்காரர்னு நல்லதம்பி வெத்திலை மாத்திக்கிட்டார், செல்லமுத்து துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

அறையில தகரம் ஏறுச்சு. சித்திரையில உன் தங்கச்சி பொறந்தா, லீலாவதின்னு நானா மனசுக்குள்ள பேர் வச்சிருந்தேன். தீட்டுன்னு என்னை வெளியே விடலை. தலைக்கு மேல அடுப்பு எரியறாப்புல தகரம், பகல்ல குடிச்ச சூட்டைச் சுவர் ராத்திரி பூரா கக்குது. பச்சைப்பிள்ளை உடம்பெல்லாம் கொப்புளம், பால் இழுக்கத் தெம்பில்லை. மாட்டுக்கொட்டகைக்காவது மாத்துங்கன்னு கெஞ்சினேன். வெண்ணெயே உருகலை, உனக்கு மட்டும் சுடுதான்னு உங்கப்பா வாசப்படியில நின்னு கேட்டார். பத்தியம் முடியறதுக்குள்ள லீலாவதி போயிட்டா. அவளைப் புதைச்சிட்டு வந்து சித்தப்பா என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். கொட்டகையோட பின்பக்கச் சரிவுல ஈரச்சாக்கு விரிச்சது நான்தான் அண்ணி, மாமனார் முன்னால தோக்கக் கூடாதுன்னு பண்ணிட்டேன், அண்ணன்தான் ஏணியைப் பிடிச்சார்னு சொன்னார். மறுநாளே அவரே ஏறித் தகரத்தைப் பிடுங்கிப் போட்டுட்டு, செல்லமுத்துவைக் கையோட கூட்டிக்கிட்டு வந்து விழல் வேஞ்சார்.

நேத்து நானே ரெண்டு தட்டுல வெண்ணெய் வச்சேன். ஏணியைக் கொல்லையில படுக்கப் போட்டு அதும் மேலேயே உக்காந்துக்கிட்டேன். தகரக் கொட்டகையில வச்ச தட்டுல எண்ணெயா ஓடுது, அறையிலது கொஞ்சம் சாஞ்சு நிக்குது. ஜெயலட்சுமி விரலால தொட்டுப் பார்த்துட்டு, இங்கேயே படுத்துக்கறேன் அத்தைன்னா. தாயில்லாத பொண்ணு, நம்மளை நம்பி வந்திருக்கா. அதனால தகரம் வேண்டாம்னு நீ கண்டிப்பா உங்கப்பாவுக்கு எழுதிடு, உன் பேச்சுன்னாத்தான் கேப்பார். செல்லமுத்து மகன் பிச்சைமுத்து சித்திரைக்குள்ள புது விழல் போட்டுத் தரேன்னிருக்கான்.

நீ பெண்டாட்டி பிள்ளையோட நூறு வருஷம் குளுமையா வாழணும். தண்ணிப் பானையில வெட்டிவேர் போட்டுக் குடி, உச்சி வெயில்ல அலையாதே. உங்க சித்தப்பாவை நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன், அவர் அழுதார். ஏணி பிடிச்சவர் இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை. வேளாவேளைக்குச் சோறு போடறேன், காய்ச்சல்னா கஞ்சி வைக்கிறேன், அது வேற. தாலி ஏறின நாள்லேர்ந்து அந்தப் பேரை வாயால சொன்னதில்லை, இப்பக் கையால எழுதறேன். இந்தக் கடுதாசியைத் தபால்ல போடப்போறவரும் அவர்தான், படிச்சா படிக்கட்டும். நான் மன்னிக்காத ஆள் வைரக்கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
பச்சையம்மாள்