தாயின் பெயர் என்ற இடத்தில்

முன்ஜே,
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள டெக்லா அக்காவுக்கு,

மீஸே எழுதுவது. நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்க இறைவனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் ஷாமேயும் ராயாவும் நலம். உன் அம்மாவும் நலம். முந்தாநாள்கூட சந்தையில் ஒரு மீன்காரனோடு சண்டை போட்டு ஜெயித்ததைப் பார்த்தேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இத்தனை வருடமாக உன்னோடு பேசியதெல்லாம் அடுத்தவள் பெயரில் வாங்கிய சிம் கார்டில். கொடுத்தவள் நகராமல் பக்கத்திலேயே நிற்பாள். இந்த விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது. உக்குண்டாவிலிருந்து மஸ்கட்டுக்கு வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. எங்களுக்கும் அடையாள அட்டை வரப்போகிறது அக்கா. பெம்பாக்காரர்களும் இந்த நாட்டவர்தான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டதல்லவா, இப்போது பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு எல்லோரையும் பதிகிறார்கள். ஷாமேக்குத்தான் பெரிய பாடாகிப்போனது. வலைக்கயிறு இழுத்து இழுத்து அவர் விரலில் ரேகையே இல்லை. இயந்திரம் மூன்று தடவை வேண்டாம் என்றுவிட்டது. பதிகிற அம்மா என்னைப் பார்த்து, "என்னம்மா, ரேகையே இல்லாத ஆளைப் புடிச்சுட்டு வந்திருக்க? இவரு நெஜமாவே ஆள்தானா, இல்ல ஜின் பேயா?" என்றாள். வரிசையே சிரித்தது. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவி, நாலாவது தடவை பதிந்தது. அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தபோது ஷாமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழம் பட்டுவிட்டது என்றார்.

உனக்கு அட்டை வந்து ஆறரை வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நீங்களும் நாங்களும் ஒரே தட்டில்தான் இருந்தோம். உங்கள் தாத்தாக்கள் மொசாம்பிக்கிலிருந்து நடந்து வந்து கற்றாழைத் தோட்டத்தில் நார் உரித்தார்கள். எங்கள் தாத்தாக்கள் பெம்பாத் தீவிலிருந்து படகில் வந்து இங்கே மீன் பிடித்தார்கள். இரண்டு கூட்டமும் இங்கேயே பிறந்து இங்கேயே செத்தது. உண்மையைச் சொன்னால் ஒரே தட்டுகூட இல்லை. நாங்கள் ஒரு படி மேலே என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கரைக்காரர்களின் பேச்சு, கரைக்காரர்களின் தொழுகை, பெண் கொடுத்து எடுத்த உறவு. உங்களை ஊரே ஒதுக்கியது. மகொண்டே என்றால் மந்திரம் வைப்பான், எலி தின்பான் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள்.

பிறகு நீங்கள் தலைநகரம் வரைக்கும் நடந்தீர்கள். அட்டை வாங்கினீர்கள். உங்களை நாட்டின் நாற்பத்து மூன்றாவது இனம் என்றார்கள். உன் தம்பி லூக்காஸ் சிற்பக் கடைக்குத் தன் பெயரிலேயே உரிமம் எடுத்தான். மகொண்டேக் குடியிருப்பில் ஓலைக் கூரை போய்த் தகரம் வந்தது. நாங்கள் அதே கரையில் நின்றோம். ஷாமேயின் படகைக் கடல் போலீஸ் பிடித்தால் லூக்காஸ் அட்டையோடு வந்து சொன்னால்தான் விடுவார்கள். நான் பிடித்த பேய்க்கணவாயை அட்டை உள்ளவள் ஒருத்தி வாங்கித்தான் ஹோட்டலுக்கு விற்க முடியும். வயிற்றெரிச்சல் எனக்கு இருந்தது அக்கா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் பிள்ளைகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த அம்மா பேனாவோடு கேட்டாள், "பிள்ளைங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் ஷாமே, "இல்ல" என்றுவிட்டார்.

ராயா எனக்குப் பின்னால்தான் நின்றாள், என் பையைப் பிடித்துக்கொண்டு.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ராயாவின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. சான்றிதழ் எண் இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று பள்ளியில் சொன்ன வருடம், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீதானே போய், இவள் நான் பெற்ற பிள்ளை என்று எழுதிக் கொடுத்தாய். அது பொய் என்று வெளியே தெரிந்தால் உனக்கும் ஜெயில், எங்களுக்கும் அட்டை இல்லை என்று அவருக்குப் பயம். வீட்டுக்கு வந்து, "அவ மகொண்டே பிள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்டி. அவங்க பேப்பர் பழசு, கெட்டி. நம்மளுது இன்னிக்கு முளைச்சது. நாளைக்கே வேற ஒருத்தன் வந்து செல்லாதுன்னு சொன்னா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ராயா அன்று முழுவதும் எங்களோடு பேசவில்லை. சோறு போட்டால் தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். சாயங்காலம் நான் தலை பின்னும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா, அந்தக் கட்டத்துல கோடு போட்டாங்களா, இல்ல சும்மா விட்டாங்களா?"

கோடு போட்டதை நான் பார்த்தேன் அக்கா.

மறுநாள் காலையில் ஷாமே கடலுக்குப் போனதும் நான் தனியாகப் பந்தலுக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், பதினாலு வயது, காகிதத்தில் வேறொருத்தியின் மகளாக இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "யாரு தப்பா எழுதிக் குடுத்தது?" என்றாள் அந்த அம்மா. "எழுதினது அவ. ஆனா எனக்காக எழுதினா. புடிக்கறதா இருந்தா என்னைப் புடிங்க" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். "இந்தப் பந்தல்ல நீ எத்தனாவது ஆள் தெரியுமா? உங்க ஊர்ல பாதிப் பிள்ளைங்க அடுத்தவ பிள்ளைங்க. நீ சொன்னதுல நான் இன்னும் எதையும் எழுதல. அக்டோபர் கடைசிக்குள்ள அந்தப் பொண்ணு இது தன் பிள்ளை இல்லைன்னு தூதரகத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அப்புறம் எழுதறேன். போ, அடுத்த ஆளை வரச் சொல்லு" என்றாள்.

வெளியே வந்து மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மூச்சு விட முடிந்தது.

அக்கா, நீ நடைப்பயணம் போவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தாய். "எங்ககூட வா. மகொண்டேன்னு சொல்லிக்க. யாரு கேக்கப்போறா?" என்றாய். "மூஞ்சில கோடு போட்டுக்கிட்டவங்ககூட நானா?" என்று சிரித்தேன். வாசலில் உன் அம்மா, அந்தப் பச்சை குத்திய முகத்தோடு, நின்றது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதற்குப் பிறகும் ராயாவுக்காக நீ போய் நின்றாய். நான் நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இப்போது பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறேன். என்ன ஜென்மம் நான் என்று தோன்றுகிறது.

கோபம் இருந்தால் திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
மீஸே


மஸ்கட்,
24 செப்டம்பர் 2023

அடியே மீஸே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாதது கோபத்தில் இல்லை. சரி, முதல் இரண்டு நாள் கோபத்தில்தான். ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரை எவளோ ஒரு ஆபீஸர் முன்னால் வைத்திருக்கிறாயே என்று பாத்திரத்தையெல்லாம் சத்தமாகக் கழுவினேன். மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. அதன் பிறகுதான் கஷ்டமாக இருந்தது.

இங்கே யார் கேட்டாலும் எனக்கு ஒரு மகள் என்றுதான் சொல்வேன். பெயர் ராயா, கணக்கில் கெட்டி, மீன் தின்றால் முள்ளை வரிசையாக அடுக்கி வைப்பாள் என்று சொல்வேன். காகிதம் இருக்கிறதல்லவா, பொய் சொல்கிற மாதிரியே தோன்றாது. எனக்குப் பிள்ளை இல்லாதது உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கையெழுத்து எனக்குச் சும்மா வந்துவிடவில்லை.

தூதரகத்துக்குப் போவதும் லேசாக இல்லை. என் பாஸ்போர்ட் இந்த வீட்டு மகனின் பீரோவில் இருக்கிறது. கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்பான். கடைசியில் நான் பார்த்துக்கொள்ளும் அம்மாதான் படுக்கையிலிருந்தே அவனைக் கூப்பிட்டு, "இவளை நீ கூட்டிட்டுப் போறவரைக்கும் எனக்குக் கஞ்சி வேண்டாம்" என்று வாயை மூடிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் கார் வாசலுக்கு வந்துவிட்டது.

அட்டை வந்து நாங்கள் உயர்ந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். உயர்ந்தோம். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். போலீஸ்காரனைக் கண்டால் இப்போது ஓடி ஒளிவதில்லை, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தகரக் கூரையை மட்டும் பார்த்தாயே, அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாயா? எங்கள் குடியிருப்பில் என் வயதுப் பெண்களில் பாதிப் பேர் இங்கேயும் ரியாத்திலும் அடுத்தவர் அடுப்பில் நிற்கிறோம். அட்டை இல்லாததால் நீ எங்கேயும் போக முடியவில்லை. உன் மகளுக்குத் தினமும் தலை பின்னினாய். எது மேல், எது கீழ் என்று என்னைக் கேட்காதே. படுத்தால் எனக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரித் தோன்றுகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது, நனையாமல் வைத்துக்கொள். அதில், குழந்தைக்கு என்ன உறவு என்று ஒரு வரி உண்டு. அங்கிருந்த தம்பி, "உறவு இல்லைன்னு போட்றவா அக்கா?" என்றான். "நீ பேனாவைக் கீழ வை. பெரியம்மான்னு போடு" என்றேன். "சட்டப்படி அப்படி இல்லையே" என்றான். "சட்டப்படி இத்தனை வருஷம் நான் அவ அம்மா. நானே எறங்கி வந்து பெரியம்மான்னு சொல்றேன், உனக்கென்ன கஷ்டம்?" என்றேன். எழுதிவிட்டான்.

அந்த 'மூஞ்சிக் கோடு' விஷயத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. என் மூஞ்சியில் கோடு இல்லை. யார் மூஞ்சியில் இருக்கிறதோ அவளிடம் போய்க் கேள். அவளுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும்போது ராயாவை வெறும் வயிற்றோடு அனுப்பாதே.

டெக்லா


முன்ஜே,
3 நவம்பர் 2023

என் அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் முடிந்தது. இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ராயா இப்போது என் விண்ணப்பத்தில் இருக்கிறாள்.

நீ அனுப்பிய தாளைப் பந்தலில் பதிகிற அம்மா இரண்டு முறை படித்தாள். 'பெரியம்மா' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "இது யாரு எழுதச் சொன்னது?" என்றாள். "அவளேதான்" என்றேன். "சரியான ஆளு" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினாள். யாரையும் பிடிக்கவில்லை, யாரும் அதட்டவில்லை. இதற்கா இத்தனை மாதம் தூங்காமல் கிடந்தேன் என்று இருந்தது. பழைய சான்றிதழைத் திருப்பிக் கொடு என்று கேட்டபோது மட்டும் ராயா கொடுக்கவில்லை. "ஒரு நகல் எடுத்துக் குடுங்க, அப்புறம் தர்றேன்" என்றாள். "செல்லாத பேப்பருக்கு எதுக்குடி நகல்?" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டாள். "எனக்குச் செல்லும்" என்றாள் உன் பெண். எடுத்துக் கொடுத்தார்கள். அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். எனக்குப் பிடித்திருந்தது.

பரீட்சை முந்தாநாள் முடிந்தது. மூன்று நாளும் வயிறு நிறைய எண்ணெயில் பொரித்த மண்டாஸியும் டீயும் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ஷாமேக்கு அட்டை கைக்கு வந்துவிட்டது. மீன்பிடி உரிமமும் வந்துவிட்டது. நேற்று போலீஸ் படகைக் கண்டதும் இவரே துடுப்பு வலித்துப் பக்கத்தில் போய் அட்டையை நீட்டினாராம். அவர்கள் கேட்கவே இல்லையாம். "யோவ், யாரும் கேக்கல, போய் மீனைப் புடி" என்று விரட்டினார்களாம். ஊர் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் அம்மாவிடம் போனேன். தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்த பேய்க்கணவாய் ஒரு சட்டி எடுத்துக்கொண்டுதான் போனேன், வெறுங்கையோடு போகத் தைரியம் இல்லை. நான் அன்று சொன்னது தப்பு என்றேன். அவர் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கோட்டைப் பாத்துத்தாண்டி என் புருஷன் ரெண்டு நாள் நடந்து வந்து பொண்ணு கேட்டான். உன் மூஞ்சியப் பாத்து எவன் நடந்தான்? உன் ஆளு படகுல உக்காந்துதானே வந்தான்?" அப்புறம் என்னை உட்காரச் சொல்லி, என் முன்னாலேயே சாப்பிட்டார். உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்றார். நான் எழுந்து வரும்போது என் தலைமேல் கை வைத்தார், அக்கா. எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

இந்தத் தாளின் பின்பக்கம் ஒரு போன் எண் எழுதியிருக்கிறேன். என் பெயரில் வாங்கியது, பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு. முதலில் ராயாதான் எடுப்பாள், அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு.

மார்ச்சில் உன் ஒப்பந்தம் முடிகிறது. அந்த மகன் இன்னும் இரண்டு வருடம் இரு என்பான், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து உனக்கும் இல்லையென்று சொல்ல வராது. நீ நல்லவள், அதுதான் எனக்குப் பயம். அவரைப் படைத்தவன் பார்த்துக்கொள்வான். நீ பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா. புதுப் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோரோடு வரச் சொல்வார்கள். அம்மா என்று நாம் இரண்டு பேரும் போய் நின்றால் யாரும் துரத்திவிட மாட்டார்கள். நான் விசாரித்துவிட்டேன்.

உன் தங்கை,
மீஸே