சிவப்பு வயர்

15.3.2003, சனி

அக்கா மகள் ஷீலாவின் கம்ப்யூட்டர் இன்று எரிந்துபோனது. திங்கட்கிழமை காலேஜில் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் அதற்குள்தான் இருக்கிறது.

போன வாரம் அவள்தான், "கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் பேஜாரா இருக்கு மாமா" என்றாள். ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் ஜெர்மன் மிஷினையே அடக்கியவன் நான், இது ஒரு வேலையா என்றேன். உண்மையில் அந்த மிஷினுக்கு டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து ஃபேன் பிளக்கை மதர்போர்டிலிருந்து பிடுங்கி, கரண்ட் கம்மியான சிவப்பு வயரில் முறுக்கிவிட்டேன். ஃபேன் மெதுவாகச் சுற்றியது, சத்தம் அடங்கியது. மறுநாளிலிருந்து ஆன் செய்ததும் ஃபேனைப் பார் என்று திரையில் எழுத்து வந்தது. "அது சும்மா, எஃப் ஒன் தட்டு" என்றேன். வாரம் முழுக்கத் தட்டியிருக்கிறாள், பாவம்.

அக்கா வீட்டுக்காரர் அவளைத்தான் பிடித்துக்கொண்டார். "ராவும் பகலும் ஓட்டினா எரியாம இன்னா பண்ணும்? இனிமே இந்த வீட்ல கம்ப்யூட்டரே வேணாம்."

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. மாமாவக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வோல்டேஜ் ஜாஸ்தி என்றேன். ஷீலா நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். அவர் நம்பவில்லை, அவளையே திட்டினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

நாளை சர்ச் முடிந்து மெக்கானிக் வந்து பார்ப்பார். அதுவரை பெட்டி என் அறையில் இருக்கிறது. வயரைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடியைக் கழற்றினேன். சிவப்பு வயரைத் தொட்டேன். அப்படியே விட்டு மூடிவிட்டேன். ஸ்க்ரூவை மட்டும் இன்னும் முறுக்கவில்லை.