பார்க்காத பாதம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ நலமா என்று கேட்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வீட்டுச் செய்தி என்றால், குளியலறைக் குழாய் ஒழுகியது. அப்பா தானே சரிசெய்கிறேன் என்று ஒரு முழு நாள் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ரிப்பேர்காரர் வந்து, யாரு சார் இதுல கைய வச்சது என்று கேட்டதும் உன் அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். உன் தம்பி மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அத்தை வந்தால் காட்டுவதற்கென்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.

நீ போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சொன்ன அந்தத் தையல்கார அம்மா இடுப்பு வலி என்று உன் கிளினிக்குக்கு வந்தார், நீ பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிப் பார்க்காமல் வலி மாத்திரை எழுதிவிட்டாய், ஏற்கெனவே பலவீனமாக இருந்த சிறுநீரகம் அதைத் தாங்காமல் அவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது தேறிவிட்டார். உங்கள் பெரிய டாக்டருக்கு விஷயம் தெரியும், அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது. வீடு திரும்பும்போது உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் தாயி என்று சொன்னாராமே. அதைத்தான் தாங்க முடியலம்மா, ராஜினாமா எழுதி வச்சுட்டேன், இந்த வேலையில அப்படி என்னம்மா இருக்கு என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ பதினொன்றாவது படிக்கும்போது நான் இரண்டு நாள் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன், நினைவிருக்கிறதா, அது தலைவலி இல்லை. நான் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகி, நானே பரிசோதித்து நானே மருந்து எழுதத் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம் அது. தெருவில் எல்லோரும் என்னை அரை டாக்டர் என்பார்கள், எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்புத்தான். சர்க்கரை நோயாளி வந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதற்குச் சில வாரம் முன்பு ஒரு நாள் காலை, என் அறைக்கு வெளியே இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர், என்னிடமே இரண்டு வருஷமாக வருபவர், முழு பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். டூட்டிக்கு நேரமாச்சும்மா, போன தடவதான் பார்த்தீங்களே என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டு, தாளில் பாதம் பார்த்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பூட்ஸுக்குள் இருந்த புண் அழுகி, பத்தொன்பது நாள் கழித்து அவருடைய கால் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று உன் அப்பா என்னைச் சதா கிண்டல் செய்வாரே, அந்த வாரத்துக்குப் பிறகு அவர் அந்தப் பழமொழியைச் சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் எழுந்து வார்டுக்குப் போனேன். அண்ணே, அன்னிக்கு நான் உங்க காலப் பார்க்கல, பார்த்ததா எழுதிட்டேன் என்று சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி சும்மா விடவில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார், கேட்டதெல்லாம் நியாயம். மேலிடத்துக்கும் எழுதிக் கொடுத்தேன், ஆறு மாதம் என் ஒவ்வொரு தாளையும் இன்னொருவர் சரிபார்த்தார், எனக்கு அவமானமாக இருந்தது, பொறுத்துக்கொண்டேன். டிரைவர் வேறு கிளினிக்குக்குப் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள், மழை பெய்துகொண்டிருந்தது, அவர் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்து, பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, விரல் நாலே இருந்த அந்தக் காலைத் தூக்கி என் எதிரே ஸ்டூலில் வைத்தார். அங்கெல்லாம் யாரும் இவ்வளவு உண்மையாப் பேசலம்மா, நீங்களே பாருங்க என்றார். நான் பார்த்தேன். கண்ணீர் மறைத்ததால் இரண்டு முறை பார்த்தேன். இன்றைக்கு வரைக்கும் அவர் என்னிடம்தான் வருகிறார்.

என்ன இருக்கிறது என்று கேட்டாயே, எனக்கு இதுதான் இருக்கிறது. நான் கைராசிக்காரி என்று சொன்னவர்கள் நூறு பேர் இருக்கலாம், ஒரு குடும்பத்தில் பாட்டி முதல் பேத்தி வரை நானே பார்த்திருக்கிறேன், அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் நான் செய்த தப்பு தெரிந்த மனிதர் தன் காலை நம்பி என்னிடம் கொடுத்தாரே, அதை எந்தப் படிப்பும் தராது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தையல்கார அம்மா உன்னைத் திட்டலாம், புகார் எழுதலாம், உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். அது அவர் உரிமை. உன்னை வாழ்த்திய வாழ்த்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவாவது அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா?

வேலையை விடுவதானால் விடு, அம்மா தடுக்க மாட்டேன். அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போ. சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல். வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. உனக்கு நல்ல தூக்கமும் நெஞ்சில் தைரியமும் கிடைக்கட்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். சொல்லிவிட்டு வந்ததும் கூப்பிடு. பேச முடியாவிட்டால் பரவாயில்லை, போனைப் பிடித்துக்கொண்டு அழு, நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்றும் உன்,
அம்மா